பதினேழாவது மாடியில் என் வீடு

ஹோட்டல் என்றால் வரவேற்பு மேசையிலேயே பிடிபட்டுவிடுவேன். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தன் தட்டில் ஈரத் துண்டை வைத்து நீட்டுவான், அம்மா அதை என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்ப்பாள், அப்பா கூரையைப் பார்ப்பார், சொந்த வீட்டுக்குள் போகிறவர்களுக்கு யாராவது துண்டு நீட்டுவார்களா. ஆகவே ஹோட்டல் இல்லை. நேற்று மத்தியானமே முடிவு செய்த விஷயம் இது, ஆனாலும் மனசு அந்த ஹோட்டல் பட்டியலை விடமாட்டேன் என்கிறது, திரும்பத் திரும்ப அதையே புரட்டுகிறது. எனக்கு அந்தப் பட்டியல்தான் சோறு போடுகிறது. சிங்கப்பூருக்கு மாற்றலாகி வருகிற பெரிய அதிகாரிகளுக்கு முதல் மாதம் தங்க இடம் பார்த்துக் கொடுப்பது என் வேலை, ஒன்பது வருஷமாகப் பார்க்கிறேன். துறைமுகத்தைப் பார்த்த அறை என்று சொல்லி எந்த ஹோட்டலில் கண்டெய்னர் தூக்கும் கிரேனைக் காட்டுவார்கள், எதில் லிஃப்ட் ஓடும் சத்தம் தலைமாட்டில் கேட்கும், எந்தக் குளியலறைக்குக் கதவே கிடையாது, வெறும் கண்ணாடிதான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். படுக்கையில் உட்கார்ந்து பார்ப்பேன், எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுப் பார்ப்பேன், அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பேன். கோகிலவாணி பார்த்துக் கொடுத்த இடம் என்றால் அதில் குறை இருக்காது என்று ஆபீசில் பேர். அந்தக் கோகிலவாணிக்கு அப்பா அம்மாவுக்கு ஒரு இடம் பார்க்கத் தெரியவில்லை. இடம் கூட இல்லை, வீடு. எட்டு நாளைக்கு என் வீடு மாதிரி நடிக்கத் தெரிந்த ஒரு வீடு. நாளைக் காலையில் அவர்கள் விமானம் இறங்குகிறது, இன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நான் பதினேழாவது மாடியில் நாள் வாடகைக்கு விடுகிற ஒரு சர்வீஸ் அபார்ட்மெண்டின் நடுவே செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். மணி பன்னிரண்டு நாற்பது. ஒன்றரை வரைதான் புஷ்பலதா இதை எனக்காகப் பிடித்து வைத்திருப்பாள், அதற்கு மேல் வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

புஷ்பலதா இந்தக் கட்டடத்தின் மேனேஜர். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், நான் கூட்டி வருகிற ஆட்களால் அவளுக்கும் அவளால் எனக்கும் பிழைப்பு, அவ்வளவு பழக்கம். வழக்கம்போல் கம்பெனி பேரில் போடவா என்று கேட்டாள். இல்லை, என் பேரில் என்றேன். அவள் கையிலிருந்த எழுதுபலகையில் அதைக் குறித்துக்கொண்டாள். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அம்மா முதலில் வருவது இங்கேதான். அம்மாவின் கண்ணைப் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறு தட்டு, ஆறு கிண்ணம், ஆறு கரண்டி, எல்லாம் ஒரே மாதிரி, ஒரே வெள்ளை. எந்த வீட்டில் ஆறும் ஒரே மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் எந்த டம்ளருக்கும் ஜோடி கிடையாது, பேர் வெட்டிய டம்ளர்களில் பாதியில் யாரோ தெரியாத மாமாவின் பேர் இருக்கும். அடுப்புக்குப் பின்னால் சுவர் பளபளவென்று இருக்கிறது, கடுகு பொரிந்து தெறித்த ஒரு புள்ளி கூட இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, மேல் அலமாரிக் கைப்பிடியில் மஞ்சள் விரல் தடம் இல்லை. இந்த அடுப்பில் யாரும் தாளித்ததே இல்லையென்று அம்மா ஒரு நிமிஷத்தில் கண்டுபிடிப்பாள். இன்றைக்குச் சாயங்காலம் வந்து நாலு தடவை தாளித்துக் கொட்டலாம், வெங்காயம் வதக்கலாம், வாசனை திரைச்சீலையில் ஏறட்டும், ஆனால் கூரையில் புகைக்கு அலறுகிற கருவி இருக்கிறது, அது அலறினால் பதினேழு மாடியும் படியிறங்கும். உப்பு ஜாடி கொண்டு வர வேண்டும், பாதி உப்பு உள்ள ஜாடி, முழுசு இருந்தால் புதுசென்று தெரியும். சாமி படம். சாமி படத்துக்குக் கீழே திருநீறு சிந்தியிருக்க வேண்டும். எனக்கே என்னைப் பார்த்தால் அசிங்கமாக இருந்தது, சிந்திய திருநீற்றைக் கூடவா ஏற்பாடு செய்வது.

ஆனால் இதெல்லாம் இல்லை, என்னைப் பிடித்து ஆட்டுவது இதெல்லாம் இல்லை. அப்பா ஏன் வீட்டில் தங்குகிறேன் என்றார், அதுதான். பொண்ணைக் கொடுத்த வீட்டில் அவர் தங்க மாட்டார். கை நனைக்க மாட்டார். பேரனோ பேத்தியோ பிறந்த பிறகு பார்ப்போம், அதுவரை மாப்பிள்ளை வீட்டில் ராத் தங்குவது முறையில்லை என்பார். எங்கள் சொந்தத்தில் பெரியவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் அப்படி இருந்தவர்கள்தான், ஆனால் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள், துபாயிலும் அமெரிக்காவிலும் மகள் வீட்டில் போய் ஆறு மாசம் உட்கார்ந்துகொண்டு மருமகன் காரில் ஊர் சுற்றுகிறார்கள். அப்பா விடவில்லை. ஆறு வருஷம் முன்னால் முதல் தடவை வந்தபோது அவர் மாப்பிள்ளை யுவராஜும் நானும் எவ்வளவோ கெஞ்சினோம், தாராபுரத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து லாட்ஜில் தங்குவதா என்று. சிராங்கூன் ரோட்டில் ஒரு சின்ன ஹோட்டலில்தான் தங்கினார், காலையில் வருவார், சோபாவில் நுனியில் உட்காருவார், தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிப்பார், சாயங்காலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அம்மா லிஃப்டில் முணுமுணுத்துக்கொண்டே போவாள். பத்து நாள், ஒரு பிடி சோறு என் கையால் தின்னவில்லை. எனக்கு அன்றைக்கு எரிச்சலாக இருந்தது, என்ன முறை, யாருக்கு முறை என்று. இன்றைக்கு அந்த முறையைக் கையெடுத்துக் கும்பிடுவேன். அது மட்டும் இருந்தால் ஒரு நல்ல ஹோட்டலில் ரூம் போட்டுவிட்டு, யுவராஜ் டூர் போயிருக்கிறார் என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பேன். ஆனால் மூன்று வாரம் முன்னால் போனில் டிக்கெட் எடுத்தாச்சு என்றவர், நான் எந்த ஹோட்டல் என்று ஆரம்பிப்பதற்குள், ஓட்டல் எல்லாம் வேண்டாம் கண்ணு, இந்தத் தடவை ஊட்டுலயே இருந்துக்கறோம் என்றார். சாதாரணமாகச் சொன்னார். அந்தச் சாதாரணம்தான் மூன்று வாரமாக என்னைத் தூங்க விடவில்லை. நான் முழுகாமல் இருக்கிறேன் என்று யாராவது சொல்லிவிட்டார்களா, அந்த நினைப்பில் வருகிறாரா, வந்து என் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாரா. இல்லை, அவருக்கு ஏதாவது வந்துவிட்டதா, டாக்டர் ஏதாவது சொல்லி, இனி எத்தனை தடவை பார்ப்போம் என்று முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு வருகிறாரா. அம்மாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன், மனுஷன் கல்லாட்டம் இருக்காரு என்றாள். அப்படியென்றால் மூன்றாவது காரணம், அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. மூன்றாவதை நினைக்கிற போதெல்லாம் நான் வேறு எதையாவது எண்ண ஆரம்பித்துவிடுவேன், ஆறு தட்டு, ஆறு கிண்ணம்.

யுவராஜ் கெட்டவர் இல்லை. இதைச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை, கெட்டவன் இல்லையென்றால் ஏன் என்பார்கள். பத்து வருஷத்தில் பேசிக்கொள்ள இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான், சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தோம், நாம பிரிஞ்சுடலாமா கோகிலா என்றார், கையில் தலையணை உறை. முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அப்புறம்தான் அவமானம், முதலில் அதைச் சொன்னது அவராகிவிட்டதே என்று. அந்த ஃபிளாட்டை அவரே வைத்துக்கொண்டார், நான் ஜாலான் புசார் பக்கம் ஒரு ஒற்றை அறைக்கு வந்துவிட்டேன், ஆறு மாதம் ஆகிறது. முந்தாநாள் போன் செய்து, அப்பா அம்மா வருகிறார்கள், இரண்டு சாயங்காலம் மட்டும் வந்து மாப்பிள்ளையாக உட்கார முடியுமா, அதற்குப் பிறகு ஜகார்த்தாவுக்கு வேலையாகப் போயிருக்கிறதாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.  வருகிறேன், ஆனால் மாமா நேராகக் கேட்டால் எனக்குப் பொய் சொல்ல வராது என்றார். சட்டை இரண்டு, ஒரு செருப்பு, ஒரு ஷேவிங் செட் கேட்டேன், ஒரு பையில் போட்டு ஆபீஸ் வாசலில் கொடுத்துவிட்டுப் போனார். பை இதோ என் காலடியில் இருக்கிறது. படுக்கையறை அலமாரியில் அந்தச் சட்டைகளை மாட்டிப் பார்த்தேன். வேறு சோப்புத் தூள் வாசனை. நாங்கள் போடுகிற தூள் இல்லை இது, ஏதோ பூ வாசனை, அவராக வாங்கியதா யாராவது வாங்கிக் கொடுத்ததா. எனக்கு என்ன வந்தது. ஆனாலும் அந்த அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அம்மா இதை மோந்து பார்ப்பாளா என்று யோசிப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாசல் கதவுக்குப் பின்னால் தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது, சிவப்பு அம்புக்குறி போட்டு, நீங்கள் இருப்பது இங்கே என்று. அப்பா எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிட மாட்டார். நாற்பது வருஷம் சர்வே டிபார்ட்மெண்டில் நிலம் அளக்கச் சங்கிலி இழுத்தவர், வரைபடத்தைக் கண்டால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிட்டப் போய் நிற்பார். இதை எடுத்துவிட முடியுமா என்று புஷ்பலதாவிடம் கேட்டேன், ஏதோ விளக்கை மாற்றச் சொல்வதுபோல. சட்டப்படி எடுக்கக் கூடாது என்றாள். சரி, மேசை மேலிருக்கிற நோட்டு, பேனா, கட்டடத்தின் பேர் போட்ட குடை, இதெல்லாம். எடுத்துவிடலாம் என்றாள். தினமும் படுக்கை விரிக்க வருகிறவர்களை வரவேண்டாம் என்று. சொல்லிவிடலாம். கீழே காவலுக்கு இருக்கிறவர் என்னைப் பார்த்துக் கெஸ்ட் என்று சொல்லாமல் இருந்தால். புஷ்பலதா எழுதிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். எழுதுபலகையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கோகிலா, இது எத்தனை நாளைக்கு உங்க வீடா இருக்கணும்?"

எட்டு நாள் என்றேன்.  அவள் தலையை ஆட்டினாள், அந்த வரைபடத்து மேல ஒரு கொக்கி இருக்கு, சட்டை, பை ஏதாச்சும் மாட்டிடுங்க, மறைஞ்சிடும் என்றாள், பால்கனிக் கதவைத் திறந்து பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டாள். நல்லவள். நல்லவள் என்பதால்தான் எனக்குக் கோபம் வந்தது. அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது, யுவராஜுக்குத் தெரியும், காவல்காரருக்கு அரைகுறையாகத் தெரியப்போகிறது, இரண்டு பேருக்குத் தெரியாமல் இருக்க எத்தனை பேருக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அப்பா கத்துகிறவர் என்றால் இவ்வளவு பயம் இருக்காது. வாழ்க்கையில் ஒரு தடவை என்னைக் குரல் உயர்த்திப் பேசியதில்லை. பெரியப்பா மகள் வளர்மதி புருஷனை விட்டுவிட்டு வந்தபோது அப்பா அவர்கள் வீட்டுக்குப் போய் அரை நாள் உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லையாம், திரும்பி வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. சாப்பிடாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். நான் அப்போது காலேஜில் படித்தேன், தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் தூரத்தில் நின்றேன், அவர் தட்டைப் பார்க்கவே இல்லை. அந்த முதுகுதான் எனக்கு ஞாபகம். யுவராஜின் ஜாதகத்தை அவர்தான் கொண்டு வந்தார், அவரே பத்து பேரிடம் விசாரித்து, பையன் அப்போது கோயமுத்தூரில் வேலை செய்த ஆபீஸ் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, நல்ல பையன் கண்ணு என்றார். நல்ல பையன்தான். அதுதான் கொடுமை. இந்த எட்டு நாள் தாண்டிவிட்டால் அப்புறம் மெதுவாக, தீபாவளிக்கு நேரில் போய், அம்மாவிடம் முதலில் சொல்லி, அம்மா மூலமாக. எட்டு நாள்தான். எந்த வீட்டையும் எட்டு நாள் நம்ப வைக்கலாம், ஒன்பது வருஷமாக அதைத்தானே செய்கிறேன், ஊர்பேர் தெரியாதவர்களைக் கூட்டிவந்து இதுதான் உங்கள் வீடு என்று சொல்லிச் சாவியைக் கொடுக்கிறேன், அவர்களும் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஜன்னலுக்கு வெளியே கடல் பழுப்பாகக் கிடந்தது, உள்ளே வர முறை வராத கப்பல்கள் வரிசையாக நின்றன, பதினாலு எண்ணினேன், ஒரு சின்னப் படகு அவற்றுக்கு நடுவே புகுந்து புகுந்து போனது. மணி ஒன்று பத்து. புஷ்பலதா படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் பேனாவை அதன் மேல் குறுக்காக வைத்தாள், தங்குபவர்கள் பேர் என்ற இடத்தில் நாலு கோடு. முதல் கோட்டில் என் பேரை எழுதினேன். இரண்டாவது கோட்டில் யுவராஜ் பேரை எழுத வேண்டுமா. வேண்டாம், படிவத்தை அப்பா பார்க்கப் போவதில்லை. ஒருவேளை பார்த்தால். கீழே கடிதப் பெட்டியில் பேர் இருக்குமா. அப்பா கடிதப் பெட்டியைப் பார்ப்பார், போன தடவை பார்த்தார், மாப்பிள்ளை பேர் பெருசா போட்டிருக்காங்க என்று சந்தோஷப்பட்டார். பேனாவை எடுத்து யு என்று ஆரம்பித்தபோது போன் அடித்தது. அப்பா. இந்நேரத்துக்கு அவர் கூப்பிட மாட்டார். ஊரில் காலை பத்தரை மணி, மத்தியானம் கோயமுத்தூர் கிளம்ப வேண்டியவர். வரவில்லை என்று சொல்லப்போகிறார் என்று ஒரு கணம் நினைத்தேன், அந்தக் கணத்தில் எனக்கு வந்த ஆசையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. எடுத்தேன். பின்னால் மின்விசிறிச் சத்தம், யாரோ தட்டச்சு செய்யும் சத்தம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டரில் இருக்கிறார்களாம், சிங்கப்பூருக்குள் நுழைகிறவர்கள் ஒரு பாரம் ரொப்பிப் போடோணுமாம், அதை அங்கிருக்கிற பெண் போட்டுக் கொடுக்கிறாளாம், அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாளாம். சாப்பிட்டாயா என்றார். சாப்பிட்டேன் என்றேன்.

"இதுல தங்கற எடம் ஓட்டலா ஊடான்னு கேக்குது கண்ணு. என்னன்னு போடச் சொல்லட்டும்?"

நான் புஷ்பலதாவைப் பார்த்தேன். அவள் எதையும் கேட்காதவள்போல் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து மூடினாள். இந்தக் கட்டடம் எந்த வகை என்று எனக்குத் தெரியும், ஆயிரம் படிவம் நிரப்பியவள் நான், ஓட்டல் என்ற வரிசையில்தான் வரும், இதன் முகவரியைத் தட்டினாலே கம்ப்யூட்டர் கட்டடத்தின் பேரைக் காட்டிவிடும், அந்தப் பெண் சத்தமாக வாசிப்பாள். இரண்டு பேர் கண்ணாலும் பார்த்துப் பார்த்து வைத்தேன், உப்பு வரைக்கும் யோசித்தேன், இந்தப் பாரத்தை யோசிக்கவில்லை. தினமும் மற்றவர்களுக்கு நானே சொல்கிற பாரம். அப்பா, அது வந்து, என்றேன். அவர் அவசரப்படுத்தவில்லை. அவர் எப்போதும் காத்திருப்பார், சங்கிலியின் மறுமுனை போய்ச் சேரும்வரை நிற்கிறவர்.  மூன்று வாரமாகக் கேட்காமல் விழுங்கி வைத்திருந்ததுதான் வாயில் வந்தது, வேறெதுவும் வரவில்லை.

"நீங்கதான் பொண்ணு ஊட்டுல தங்க மாட்டீங்களேப்பா. இந்தத் தடவை மட்டும் ஏன்?"

மின்விசிறி சுற்றியது. தட்டச்சு நின்றுவிட்டது.

"அது மாப்பிள்ளை ஊடு கண்ணு, அங்க தங்கறது மொறையில்ல. இப்ப நீ இருக்கறது உன்ற ஊடு. எம்புள்ள ஊட்டுல தங்கறதுக்கு என்ன மொறை பாக்கறது."

உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி எங்கே இருக்கிறதென்று பார்க்காமல் உட்கார்ந்தேன், நல்லவேளை இருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டேனா, கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் பேசுகிறபோது என் முகத்தில் இடது பக்கம் வெயில் அடிக்குமாம், வருஷக் கணக்காக அடித்ததாம், தை மாசத்துக்குப் பிறகு அடிக்கவில்லையாம். பழைய வீட்டுத் திரைச்சீலையைக் கழற்றிவந்து முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டுக்கொண்டுதான் ஆறு மாதமும் பேசினேன், எவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். சன்னல் கெழக்க இருந்து வடக்க போயிருச்சு, மாப்பிள்ளையும் ஒருநாக்கூட எட்டிப் பாக்கல, அப்பவே தெரியும் என்றார். அம்மாவுக்கும் தெரியும், நீயா சொல்லாம நாம கேக்கக் கூடாதுன்னு நாந்தான் சொல்லி வெச்சேன் என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, இரண்டு பேர் மேலும், ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாப்பிள்ளை நல்லா இருக்காரா என்று கேட்டு, நல்லா இருக்கார் என்று என் வாயாலேயே சொல்ல வைத்து. அப்புறம் அந்தக் கோபமும் நிற்கவில்லை. அவர் எதையும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்கிற குரலில் சொல்லவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்ட குரலிலேயே சொன்னார். சாப்பிடறீங்களா அப்பா, ஒழுங்கா சாப்பிடறீங்களா என்று கேட்டேன். எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. காலையில் நாலு இட்லி தின்றாராம்.

ஒரே ரூம்தான்பா, பத்துக்குப் பன்னண்டு, கீழே டயர் கடை, ரப்பர் நாற்றம் மேலே வரும், கட்டில் ஒருத்தருக்குத்தான் பத்தும் என்று சொல்லிக்கொண்டே போனேன், நிறுத்த முடியவில்லை, ஆறு மாதத்தையும் ஒரே மூச்சில் சொல்வதுபோல். பத்துக்குப் பன்னண்டு மூணு பேருக்குத் தாராளம் என்றார் அப்பா. அம்மா பின்னாலிருந்து தலையணை எடுத்துவரட்டுமா என்று கேட்பது கேட்டது. புஷ்பலதா வந்து எதிரே நின்றாள், படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் அதை எடுத்து இரண்டாக மடித்துக்கொண்டாள். கதவு நம்பர், தெருப் பேர், தபால் எண் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன், அப்பா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். ஆறு இலக்கத் தபால் எண்ணில் கடைசி இலக்கத்தை நான் தப்பாகச் சொல்லிவிட்டு மறுபடி சொன்னேன். போனைக் காதிலிருந்து எடுத்து அவர் அந்தப் பெண்ணிடம் சொல்வது எனக்கு நன்றாகக் கேட்டது.

"ஊடுன்னே போடு அம்மிணி."